பல்லி மனிதன் என்ன நினைத்தான்?

ஐம்பதைத் தாண்டிய வாசகர்களுக்கு நினைவிருக்கும். எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் 'ஸ்டார் ட்ரெக்' வரும். டி.வி. இருக்கிற வீட்டில் தெருவே கூடும். கூர்மையான காதுகளோடு ஸ்பாக், மஞ்சள் சட்டையில் கேப்டன் கிர்க். அந்தச் சட்டை மஞ்சள் என்பதே நம்மில் பலருக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளைப் பெட்டி. அவர்கள் பேசுகிற இங்கிலீஷ் பாதி புரியும், பாதி புரியாது. ஆனாலும் அசையாமல் உட்கார்ந்து பார்த்தோம்.

அந்தத் தொடரில் 'அரீனா' என்று ஓர் எபிசோடு உண்டு. நம் பேச்சுவழக்கில் 'கோதா' என்று வைத்துக்கொள்ளலாம். வறண்ட பாறைக்காட்டில் கிர்க்கும் வாட்டசாட்டமான ஒரு பல்லி மனிதனும் ஒண்டிக்கு ஒண்டி மோதுவார்கள். பல்லி மனிதனின் இனத்துக்குப் பெயர் கோர்ன். அசையாத ரப்பர் முகம், பூச்சியைப்போல மினுங்கும் கண்கள், ஆடி அசைந்து வரும் நடை. இன்றைக்குப் பார்க்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள். அமெரிக்காவில் 1967 ஜனவரி 19 அன்று முதலில் ஒளிபரப்பான எபிசோடு அது.

இந்த வாரம் பேசப்போவது அந்த எபிசோடை வைத்து எழுதப்பட்ட சிறுகதையைப் பற்றி. 1968-ல் வந்த 'ஸ்டார் ட்ரெக் 2' என்ற தொகுப்பில் இருக்கிறது. அண்மையில்தான் படித்தேன். ஏமாற்றமாக இருந்தது.

ஏமாற்றிய கதையைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எதற்கு என்று கேட்பீர்கள். மோசமான கதைகளுக்கு உலகத்தில் பஞ்சமா என்ன? ஆனால், இதை எழுதியவர் ஏதோ அவசரத்துக்குப் பிடித்துவந்த ஆள் இல்லை. ஜேம்ஸ் பிளிஷ். அறிவியல் புனைகதை உலகின் பெரிய விருதான ஹியூகோ விருதை 1959-லேயே வாங்கியவர். வியாழன், சனி போன்ற கோள்களை 'கேஸ் ஜயன்ட்' என்று இன்று விஞ்ஞானிகளே சொல்கிறார்களே, அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். போதாக்குறைக்கு, வில்லியம் அதெலிங் ஜூனியர் என்ற புனைபெயரில் சக எழுத்தாளர்களின் கதைகளைத் துவைத்துக் காயப்போட்ட கறாரான விமர்சகர். அந்தக் கட்டுரைகள் 1964-ல் புத்தகமாகவே வந்தன.

அப்படிப்பட்டவர் கையில் ஒரு நல்ல எபிசோடு கிடைக்கிறது. கதை ஏன் சப்பென்று ஆனது? இதைக் கொஞ்சம் நோண்டிப் பார்த்தால், டி.வி.க்கும் புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசமே பிடிபடுகிறது. அது நம் வீட்டுப் பிள்ளைகள் கையில் இருக்கிற புத்தகம்வரை வந்து நிற்கிறது.

முதல் கை: நீல மணலில் ஒரு மனிதன்

இதில் வேடிக்கை என்னவென்றால், 'அரீனா' முதலில் சிறுகதையாகத்தான் பிறந்தது. ஃபிரெட்ரிக் பிரவுன் என்பவர் எழுதியது. மில்வாக்கி நகரில் பத்திரிகை ஒன்றில் பிழை திருத்துபவராக வேலை பார்த்தவர். அரைப் பக்கத்தில், ஒரு பக்கத்தில் கதை சொல்லி நம்மைத் தூக்கிவாரிப் போடவைப்பதில் கில்லாடி. அவருடைய 'அரீனா' 1944 ஜூன் மாத 'அஸ்டவுண்டிங்' இதழில் வெளியானது. நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய அதே மாதம்.

கதை இதுதான். மனித இனத்தின் போர்க்கப்பல்களும் அந்நிய இனம் ஒன்றின் போர்க்கப்பல்களும் விண்வெளியில் மோதவிருக்கின்றன. அந்த நேரத்தில் கார்சன் என்கிற வீரன் கண் விழிக்கிறான். உடம்பில் துணி இல்லை. கீழே சுடுகிற நீல மணல். எதிரே ஒரு சிவப்பு உருண்டை, அதுதான் எதிரி. ஒரு குரல் கேட்கிறது. இந்தப் போர் நடந்தால் ஓர் இனம் அழியும், மற்றதும் நலிந்து தேய்ந்துபோகும். அதனால் நீங்கள் இருவர் மட்டும் மோதுங்கள், தோற்பவனின் இனம் அழியும், ஜெயிப்பவனின் இனம் பிழைக்கும் என்கிறது.

மோதலாம் என்றால் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தடுப்பு. கல்லை எறிந்தால் அந்தப் பக்கம் போகிறது. கார்சன் போக முடியவில்லை. தாகம், காயம், வெயில். யோசித்து யோசித்துக் கடைசியில் கண்டுபிடிக்கிறான்: நினைவோடு இருக்கிற உயிரைத்தான் அந்தத் தடுப்பு மறிக்கிறது, மயங்கிக் கிடக்கிற உயிர் தாராளமாகத் தாண்டலாம். ஆக, எதிரியை நெருங்க வேண்டுமானால் அவன் தன்னைத்தானே அடித்து மயக்கமாக்கிக்கொள்ள வேண்டும். எதிரியின் பக்கம் போய் விழுந்து, அது வந்து கொல்வதற்குள் கண் விழிக்க வேண்டும்.

இந்தக் கதையின் உயிர் முழுக்க அவன் மண்டைக்குள் ஓடுகிறது. வெளியே இருந்து படம் பிடித்தால் என்ன தெரியும்? ஒருவன் மணலில் உட்கார்ந்திருப்பது தெரியும். அவன் கணக்குப் போடுவதும், பயப்படுவதும், சட்டென்று ஒன்று விளங்குவதும் எழுத்தில் மட்டுமே வரும். பிரவுன் தன் ஆயுதம் எது என்று தெரிந்து எழுதியிருக்கிறார்.

ஒன்றைக் கவனியுங்கள். கார்சன் ஆரம்பத்திலேயே சமாதானம் பேசிப் பார்க்கிறான். எதிரியின் மனத்திலிருந்து திரும்பி வருவது வெறும் வெறுப்பு. ஆக, இரக்கம் என்கிற கதவை பிரவுன் முதலிலேயே இழுத்துச் சாத்திவிடுகிறார். முடிவில் அந்த இனமே அழிகிறது; கதை அதற்காகக் கண் கலங்குவதில்லை. உலகப் போரின் நடுவில் எழுதிய கதை. அன்றைய மனநிலை அப்படி.

இரண்டாவது கை: வெட்டவெளியில் ஒரு கேள்வி

இருபத்து மூன்று வருடங்கள் கழித்து ஜீன் கூன் வருகிறார். ஸ்டார் ட்ரெக்கின் தயாரிப்பாளர், வேகமாக எழுதுவதில் பேர் வாங்கியவர். அவர் எழுதிக் கொடுத்த திரைக்கதையைச் சரிபார்த்தபோது, இது பிரவுனின் பழைய கதையைப்போலவே இருக்கிறதே என்று தெரியவந்தது. பிரவுனிடம் உரிமை வாங்கினார்கள். எபிசோடில் மூலக்கதை என்று அவர் பெயரும் வந்தது.

ஆனால், கூன் எழுதியது வேறு கதை என்றே சொல்ல வேண்டும். செஸ்டஸ் 3 என்ற இடத்தில் மனிதர்களின் குடியிருப்பு ஒன்று தாக்கப்பட்டுச் சாம்பலாகக் கிடக்கிறது. கிர்க்குக்கு ரத்தம் கொதிக்கிறது. தாக்கிய கப்பலைத் துரத்திக்கொண்டு போகிறார். வழியில் மெட்ரான்கள் என்ற சக்திவாய்ந்த இனம் இரண்டு கப்பலையும் நிறுத்திவைத்து, இரண்டு கேப்டன்களையும் ஒரு பாறைக்கோளில் இறக்கிவிடுகிறது. ஜெயிப்பவனின் கப்பல் போகலாம். தோற்பவனின் கப்பல் அழியும்.

மயங்கி விழுகிற சமாச்சாரம் டி.வி.க்கு ஒத்துவராது. கூன் தடுப்பையே எடுத்துவிட்டார். பதிலுக்கு உடம்பைக் கொண்டுவந்தார். லாஸ் ஏஞ்சலஸ் அருகில் வாஸ்குவெஸ் பாறைகள் என்ற இடத்தில் வெட்டவெயிலில் படமாக்கினார்கள். கிர்க் ஓடுகிறார், விழுகிறார், பாறையை உருட்டுகிறார். கந்தகம், வெடியுப்பு, கரி மூன்றையும் கண்டுபிடித்து, மூங்கில் போன்ற குழாயில் திணித்து, வைரக் கற்களைக் குண்டாகப் போட்டு ஒரு பீரங்கி செய்கிறார். அவர் எதற்காக இதையெல்லாம் பொறுக்குகிறார் என்பது கப்பலில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஸ்பாக்குக்கு முதலில் புரிகிறது. பார்க்கிற நமக்கும் கூடவே புரிகிறது. கண்ணால் பார்த்து அனுபவிக்க வேண்டிய சுவாரஸ்யம் அது.

அதைவிட முக்கியமாக, பிரவுன் சாத்திய கதவை கூன் திறந்துவிட்டார். பல்லி மனிதன் பேசுகிறான். எங்கள் எல்லைக்குள் நுழைந்து குடியேறியது நீங்கள்தானே என்று கேட்கிறான். கப்பலில் டாக்டர் மெக்காய் திகைத்துப்போகிறார். அப்படியானால் தப்பு நம் பக்கமும் இருக்கலாமே! கடைசியில் கோர்ன் அடிபட்டுக் கிடக்கிறான்; கத்தி கிர்க்கின் கையில். அவர் குத்தவில்லை. நீயும் உன் ஜனங்களைக் காப்பாற்றத்தான் அதைச் செய்தாயோ என்னவோ என்று கத்தியை இறக்குகிறார். அமெரிக்கா வியட்நாமில் போரிட்டுக்கொண்டிருந்த வருடத்தில், சாயங்கால டி.வி.யில் வந்த காட்சி இது.

ஆக, இரண்டாவது கையும் தனக்கு என்ன வேண்டும் என்று தானே முடிவெடுத்திருக்கிறது. எதை விடுவது, எதைச் சேர்ப்பது, எந்தக் கேள்வியைக் கேட்பது எல்லாமே அவருடைய முடிவு.

மூன்றாவது கை: பதினைந்து பக்கம்

இனி பிளிஷின் கதைக்கு வருவோம்.

'ஸ்டார் ட்ரெக் 2' சிறிய புத்தகம். சுமார் 120 பக்கத்தில் எட்டுக் கதைகள். ஒரு கதைக்கு ஏறக்குறைய பதினைந்து பக்கம். ஐம்பது நிமிட எபிசோடை அதற்குள் அடைக்க வேண்டும். எப்படி அடைப்பது? நடந்ததை வரிசையாகச் சொல்லி, வசனத்தை வைத்து, இடையில் இருப்பதைக் கத்தரிக்க வேண்டியதுதான். கிர்க் இதைச் செய்தார், அதைச் செய்தார், பீரங்கி வெடித்தது. படிக்கும்போது, கல்யாணத்துக்குப் போய்வந்த ஒருவர் பந்தியில் என்னென்ன பரிமாறினார்கள் என்று பட்டியல் சொல்வதைக் கேட்பதுபோல இருக்கிறது. பட்டியலில் தப்பில்லை. பசிதான் அடங்கவில்லை.

எனக்குக் குறையாகப் பட்டது இதுதான். டி.வி.யில் கோர்னின் முகம் வெறும் ரப்பர். உள்ளே இருந்த நடிகர் எவ்வளவு தவித்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. அவன் கோபமாக இருக்கிறானா, பயப்படுகிறானா, ஊரில் விட்டுவந்த குஞ்சு குளுவான்களை நினைக்கிறானா? கேமராவால் காட்டவே முடியாத இடம் அது. எழுத்தாளனுக்கோ அந்த இடம் ஒரு வாக்கியத்தில் எட்டிவிடும். 'கோர்ன் நினைத்தான்' என்று ஆரம்பித்தால் போதும். ஐம்பது வருட ரப்பர் உடை கழன்று விழுந்துவிடும்.

பிளிஷ் அந்த வாக்கியத்தை எழுதவில்லை. கதை கிர்க்கின் தோளைவிட்டு நகர்வதில்லை. பல்லி மனிதன் பக்கத்திலும் வெளியிலேயே நிற்கிறான். எந்தக் கதவை டி.வி.யால் திறக்க முடியாதோ, அதன் சாவி கையில் இருந்தும் இவர் திறக்கவில்லை.

வேறு யாராவது என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஹியூகோ விருது வாங்கிய பிளிஷின் நாவல் எதைப் பற்றியது தெரியுமா? பல்லி மனிதர்களைப் பற்றியது! 1958-ல் வந்த 'எ கேஸ் ஆஃப் கான்ஷியன்ஸ்'. லித்தியா என்ற கோளில் ஊர்வன இனம் ஒன்று வாழ்கிறது. அங்கே திருட்டு இல்லை, கொலை இல்லை, சண்டை இல்லை. கடவுளும் இல்லை. அங்கே போகிற குழுவில் உயிரியல் படித்த ஒரு பாதிரியார் இருக்கிறார். கடவுளை அறியாமலேயே இவர்களால் எப்படி இவ்வளவு நல்லவர்களாக வாழ முடிகிறது என்ற கேள்வி அவர் விசுவாசத்தையே ஆட்டிவைக்கிறது. புறப்படும்போது லித்தியர் ஒருவர் அவருக்கு ஒரு பரிசு கொடுக்கிறார். தன்னுடைய பிறக்காத பிள்ளை! அந்தப் பிள்ளை பூமியில், எந்த ஊருக்கும் சொந்தமில்லாமல் வளர்கிறது.

பல்லித் தோலுக்குள் ஒரு தகப்பனையும், வழிதவறிய ஒரு பிள்ளையையும் வைத்து எழுதிக்காட்டியவர். பத்து வருடம் கழித்து அவர் மேஜைக்கு ஒரு கோர்ன் வந்து நிற்கிறான். உலகத்திலேயே அவனைப் புரிந்துகொள்ளத் தகுதியான எழுத்தாளர் அவர்தான். அவனுக்கு உட்கார ஒரு நாற்காலிகூடப் போடவில்லை. என் ஏமாற்றம் இங்கேதான்.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது

கோர்னின் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, பிளிஷின் பக்கத்தைக் கேட்காமல் விட முடியுமா?

முதல் தொகுப்பு 1967 ஜனவரியில், தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்தது. சுடச்சுட விற்க வேண்டும் என்பது பதிப்பாளரின் கணக்கு. பிளிஷ் ஆரம்பத் தொகுப்புகளைத் திரைக்கதைப் பிரதிகளை வைத்தே எழுதினார். எழுதிக் கொடுத்த பிரதி ஒன்று, படமானது வேறொன்று என்று இருக்கும். அதனால்தான் அந்தக் கதைகள் பல இடங்களில் திரையில் வந்ததோடு ஒத்துப்போவதில்லை. 1968-ல் அவர் இங்கிலாந்துக்குக் குடிபோனார்; பி.பி.சி. ஸ்டார் ட்ரெக்கைக் காட்ட ஆரம்பித்ததோ 1969-ல். நடிகரின் முகத்தைப் பார்க்காமல், குரலைக் கேட்காமல், காகிதத்தில் இருக்கிற வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுவது லேசுப்பட்ட வேலையா?

சொந்த நாவல்கள் கொடுக்காத வருமானத்தையும் வாசகர் கூட்டத்தையும் இந்தப் புத்தகங்கள் கொடுத்தன. கடிதங்கள் குவிவதைப் பற்றி அவரே பின்னால் வந்த தொகுப்புகளின் முன்னுரைகளில் எழுதியிருக்கிறார். அடுத்து எந்த எபிசோடை எழுதலாம் என்று வாசகர்கள் யோசனை சொன்னார்கள். 1975-ல் அவர் காலமானார். முடியாமல் இருந்த 12-ஆவது தொகுப்பை அவருடைய மனைவி ஜே.ஏ.லாரன்ஸ் முடித்து, 1977-ல் வெளிவந்தது. ஆக, வாழ்க்கையின் கடைசி எட்டு வருடங்கள் முழுக்க இந்த வேலை அவர் கூடவே இருந்தது.

வாசகர்களின் நிலையையும் நினைத்துப் பாருங்கள். இன்றுபோல வேண்டும்போது திரும்பப் பார்க்கிற வசதி அன்றைக்கு இல்லை. வீட்டில் பதிவுசெய்யும் கருவி பரவலாக வருவதற்குப் பல வருடம் முந்தைய காலம். ஓர் எபிசோடு போனால் போனதுதான். மறு ஒளிபரப்பு வந்தால் உண்டு. அப்போது இந்த மெல்லிய புத்தகம் ஒரு ஞாபகப் பெட்டி. பார்த்தவர்களுக்கு பதினைந்து பக்கமே போதுமாக இருந்தது. மீதியை அவர்கள் மனமே போட்டு நிரப்பிக்கொண்டது. கிர்க்கின் குரல் தானாகக் காதில் கேட்டிருக்கும். அந்தப் புத்தகங்கள் திரும்பத் திரும்ப அச்சானது சும்மா இல்லை.

அந்த நன்றி இருக்கட்டும். ஆனால், ஞாபகப் பெட்டியாக நன்றாக இருப்பது வேறு, கதையாக நிற்பது வேறு. எபிசோடைப் பார்க்காத ஒருவர் இதை எடுத்தால் அவருக்கு நிரப்பிக்கொள்ள ஒன்றுமில்லை. பிரவுனின் கதைக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. எண்பது வருடம் ஆகிவிட்டது. எதையும் பார்க்காமல், எதையும் தெரியாமல் போய்ப் படிக்கலாம். நீல மணல் காலைச் சுடும்.

முடியாத காரியம் இல்லை

டி.வி. தொடரை வைத்து எழுதினால் இப்படித்தான் இருக்கும், அதில் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும் என்று சிலர் சொல்வார்கள். முடியும். இன்னொரு பல்லி மனிதர் கதையே சாட்சி.

பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' தொடரில் 1970-ல் ஏழு வாரம் ஓடிய ஒரு கதை, 'டாக்டர் ஹூ அண்ட் த சைலூரியன்ஸ்'. மனிதர்கள் தோன்றுவதற்கு முன்பே பூமியை ஆண்ட ஊர்வன இனம் ஒன்று, ஒரு குகைக்குள் ஆழ்ந்த உறக்கத்தில் கிடந்து, நம் காலத்தில் விழித்துக்கொள்கிறது. இது எங்கள் பூமி என்கிறது. அதுவும் உண்மைதானே! எழுதியவர் மால்கம் ஹல்க். டி.வி.யில் அந்த ஜீவன்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. கிழவர், இளையவர், விஞ்ஞானி என்று அடையாளம் சொல்ல வேண்டியதுதான். ரப்பர் உடைதான் அங்கேயும்.

நான்கு வருடம் கழித்து, 1974-ல், ஹல்க்கே அதை நாவலாக எழுதினார். 'டாக்டர் ஹூ அண்ட் த கேவ் மான்ஸ்டர்ஸ்'. சிறுவர்களுக்கான மலிவுப் பதிப்பு. அதில் அவர் முதலில் செய்த காரியம், அந்தப் பல்லி மனிதர்களுக்குப் பெயர் வைத்தது. ஆக்டெல், மார்கா, கேட்டோ. கதையை டாக்டரிடமிருந்து தொடங்காமல், கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால், ஆக்டெலிடமிருந்து தொடங்கினார். வானத்தில் ஒரு சின்னக் கோள் பூமியை நோக்கி வருகிறது. அது காற்று மண்டலத்தையே பிய்த்துக்கொண்டு போய்விடும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். ஆபத்து விலகும்வரை பாதாளத்தில் தூங்கிவிடுவது என்று முடிவாகிறது. அந்தச் சின்னக் கோள் மோதவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை. பூமியைச் சுற்ற ஆரம்பித்தது. நாம் நிலாச்சோறு சாப்பிட அண்ணாந்து பார்க்கிறோமே, அதே நிலா.

அந்தச் சில பக்கங்களைப் படித்த பிள்ளை, பிறகு குகையில் ஆக்டெல் வரும்போது அலறுமா? அலறாது. 'ஐயோ பாவம், தூங்கிப் போயிட்டாங்க' என்று சொல்லும். முடிவில் ராணுவம் குகையை வெடிவைத்துத் தகர்க்கும்போது அந்தப் பிள்ளைக்கு வலிக்கும். பெயர் தெரிந்தவர்கள் அல்லவா உள்ளே இருக்கிறார்கள்!

ஹல்க்குக்கு இடம் அதிகம், சொந்தக் கதை என்ற சௌகரியமும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அடுத்தவன் தலைக்குள் நுழைய எத்தனை பக்கம் வேண்டும்? ஒரு பக்கம் போதும். பதினைந்தில் ஒன்றைக் கோர்னுக்குக் கொடுத்திருக்கலாம்.

நம் வீட்டு அலமாரி

இதெல்லாம் அமெரிக்கா, இங்கிலாந்து சமாச்சாரம், நமக்கென்ன என்று தோன்றலாம். உங்கள் வீட்டுப் பிள்ளையின் அலமாரியைத் திறந்து பாருங்கள். கார்ட்டூன் பாத்திரத்தின் படம் போட்ட கதைப் புத்தகம் ஒன்றாவது இருக்கும். கண்காட்சியில் அடம்பிடித்து வாங்கியதாக இருக்கும். நாமும், 'போனை விட்டுட்டுப் புத்தகத்தைத் தொட்டானே, அதுவே போதும்' என்று வாங்கிக் கொடுத்திருப்போம்.

அந்த ஆசையில் தப்பே இல்லை. திரையிலிருந்து புத்தகத்துக்கு வர ஒரு பாலம் வேண்டும். இவை அந்தப் பாலம். ஆனால், பாலத்தின் அந்தப் பக்கம் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? டி.வி.யில் பார்த்ததையே, படமும் பாட்டும் இல்லாமல், சுருக்கி எழுதி வைத்திருந்தால் பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? 'புத்தகம்னா டி.வி.யோட மட்டமான காப்பி' என்ற முடிவுக்கு வரும். அந்த எண்ணம் எட்டு வயதில் விழுந்துவிட்டால், பதினெட்டு வயதில் நல்ல நாவலைக் கையில் கொடுத்தாலும் மாற்றுவது சிரமம். ரசிகர்கள்தானே, எதைக் கொடுத்தாலும் வாங்குவார்கள் என்று நினைக்கிற ஒவ்வொரு புத்தகமும் ஒரு வாசகரை இழக்கிறது.

வாங்கும்முன் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரண்டு பக்கம் புரட்டுங்கள். டி.வி. காட்டாத எதையாவது அந்தப் பக்கங்கள் சொல்கின்றனவா? அந்தப் பூனை ஏன் அந்த எலியைத் துரத்துகிறது, துரத்தாத நாளில் அது என்ன செய்கிறது, யாருக்காவது அது பயப்படுகிறதா? ஏதாவது ஒன்று இருந்தால் வாங்குங்கள். வெறும் 'ஓடியது, விழுந்தது, சிரித்தது' என்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கியாயிற்றா? கவலை வேண்டாம். இந்த வாரம் வீட்டில் ஒரு விளையாட்டு ஆடிப் பாருங்கள். பிள்ளைக்குப் பிடித்த கார்ட்டூனில் ஓர் எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். கதையை வில்லன் சொல்வதுபோலச் சொல்லச் சொல்லுங்கள். முதலில் சிரிப்பார்கள். 'நான் கெட்டவன்' என்று ஆரம்பிப்பார்கள். 'ஏன் கெட்டவன் ஆனே?' என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பிறகு வருவதைக் கேளுங்கள். டி.வி.யில் இல்லாத ஒரு கதை உங்கள் ஹாலில் பிறக்கும்.

பெரியவர்களுக்கும் ஒரு சிபாரிசு. ஆங்கிலம் படிக்க முடிந்தவர்கள் பிரவுனின் 'அரீனா'வைத் தேடிப் படியுங்கள். ஒரே மூச்சில் முடிந்துவிடும். பிறகு எபிசோடைப் பாருங்கள், பிள்ளைகளோடு. ரப்பர் பல்லியைப் பார்த்து அவர்கள் சிரிக்கட்டும், நீங்களும் சிரியுங்கள். கிர்க் கத்தியை இறக்குகிற இடத்தில் நிறுத்திவிட்டு, பல்லி மனிதன் இப்போது என்ன நினைப்பான் என்று கேளுங்கள்.

பதில்களை எனக்கும் எழுதி அனுப்புங்கள். பிளிஷ் விட்டுப்போன பக்கத்தை நம் பிள்ளைகள் எழுதட்டும்.